பெரியவருக்கு ஒரு கடிதம்

கல்லாவுக்குப் பின்னால் இன்பசேகரன். எதிர் ஸ்டூலில் மகன் ஜூடு. பம்ப்செட் பெட்டிமேல் மகள் ஜெனிஷா. மேசைமேல் விரித்துக் கிடந்த வணிக மாத இதழில், வெள்ளை மீசையோடு வரைந்த 'பெரியவர்' படம். மேலூர் ஹார்ட்வேர் கடையில் அன்று கூடியது இந்த நால்வர்தான்.

மாட்டுத்தாவணிப் பக்கம் எடுத்திருந்த புதுக் கடையின் சாவி யாருக்கு என்பதுதான் பேச்சு.

"பெரியவரையே கேட்ருவோம். அவர் சொல்லி ஒண்ணு தப்புனதில்ல" என்றார் இன்பசேகரன். வியாபாரிகளின் கேள்விகளுக்கு அந்த இதழில் மாதாமாதம் பதில் எழுதும், நேரில் யாரும் பார்த்திராத அந்த மனிதர்மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

ஜூடு தங்கச்சியை முறைத்தான். தெரியாத சாமானைக் கேட்டால் அவன் "ஸ்டாக் இல்லண்ணே" என்று அனுப்பிவிடுவான். இவளோ மெக்கானிக்குகளைத் துருவித் துருவிக் கேட்டே தொழிலைப் படித்துவிட்டாள்.

போன மாதம் வாஷர்களை அளவு வாரியாக அடுக்கச் சொல்லிப் பெரியவர் எழுதியிருந்தார். அப்பா அலமாரியைத் திறந்தால், ஜெனிஷா முந்தின வாரமே அடுக்கி முடித்திருந்தாள். "எம்மக மூளையப் பாத்தியாடா!" என்று அப்பா சொன்னது இன்னும் ஜூடுவின் காதில் குத்திக்கொண்டிருந்தது.

"நீயே எழுதுடா. உள்ளதை உள்ளபடி எழுதணும்" என்று சொல்லிவிட்டு, இன்பசேகரன் சாப்பிடப் போனார்.

ஜூடு அப்பா எழுதுவதுபோலவே எழுதினான்.

'என் மகனுக்குத் தொழில் அத்துப்படி. மகளுக்கு நட்டு எது, போல்ட்டு எது என்றே தெரியாது. சாவியை மகனிடம் கொடுப்பதுதானே முறை?'

"என்னண்ணே, இம்புட்டு நேரமா எழுதுற? என்னைப் பத்தியும் நல்லதா நாலு வார்த்தை போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ போயி வாஷரை எண்ணு."

உறையின் வாயைப் பசை தடவி ஒட்டினான். முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தான். ரோட்டைக் கடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டு, அது விழுந்த சத்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் திரும்பினான்.

"இன்னும் ஒரே மாசம். பெரியவர் என்ன சொல்றாருன்னு பாரு!"

ஜெனிஷா பம்ப்செட் பெட்டியிலிருந்து இறங்கினாள்.

"அம்புட்டு நாள் எதுக்குண்ணே? வெள்ளிக்கிழமையே பத்திரிகைக்காரங்க எனக்கு அனுப்பிருவாங்க, பதில் எழுதச் சொல்லி."