பால்கனிக்குப் போன ஹீட்டர்

“பாத்ரூமுக்குள்ள ஒரு ஆணி அடிச்சாக்கூட உங்களை அப்படியே திருப்பி அனுப்பிடுவேன், தம்பி.”

டிரில்லிங் மெஷினைத் தூக்கிய மெக்கானிக்கின் கை அந்தரத்தில் நின்றது. புது கேஸ் ஹீட்டர் அட்டைப்பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. பழையது பாத்ரூம் சுவரில், ஷவருக்குப் பக்கத்தில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, பழசு இருந்த இடந்தானே? பைப்பு, டியூப்பு எல்லாம் ரெடியா இருக்கு. கழட்டி மாட்டினா அரை மணி நேர வேலை.”

“அதைத்தான் வேணாங்கறேன். துணி காயப்போடுற பால்கனி இருக்கே, அந்தச் சுவத்துல மாட்டுங்க. ஓட்டை போட்டு வெந்நீர் பைப்பை மட்டும் உள்ள விடுங்க.”

மெக்கானிக் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் சோபாவில் சாய்ந்து, ஹீட்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க என்ன சொல்றீங்க?”

“சுவத்துக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்” என்றார் அவர். “பத்து வருஷமா ஹீட்டர் உள்ளதான் இருந்துச்சு. யாருக்கு என்ன ஆச்சு?”

“நான் விழுந்தேனே, அதுக்குப் பேர் என்ன?”

“அன்னிக்கு நீ காலையில சாப்பிடலை. வெறும் வயித்தோட போனா மயக்கம் வராம என்ன பண்ணும்?”

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

“குளிருதுன்னு ஜன்னலைச் சாத்திட்டுக் குளிச்சேன், தம்பி. தலை பாரமா ஆச்சு. கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி துவண்டு போச்சு. தாழ்ப்பாளை எடுத்த வரைக்கும்தான் ஞாபகம். மூடின ரூமுக்குள்ள ஹீட்டர் எரியறப்போ வர்ற விஷக்காத்துக்கு வாசனையே கிடையாதுன்னு டாக்டர் சொன்னார். கொஞ்சம் லேட் ஆகியிருந்தா நான் சுவத்துல போட்டோவா தொங்கியிருப்பேன்.”

“அதுக்கப்புறம் ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளின்னு சொன்னேன் இல்ல?” என்றார் அவர்.

“சொன்னீங்க. ஜன்னலுக்கு நேர் எதிர்ல அடுத்த வீட்டு மாடிப்படி. அருமையான யோசனை.”

மெக்கானிக் இருமினான். சிரிப்பை இருமலாக மாற்றுவது, நாலு வீடு ஏறி இறங்கும் தொழிலில் தானாகவே பழகிவிடும்.

“நீங்க சொல்றது சரிதாங்க்கா. உள்ள மாட்டக் கூடாதுதான். கஸ்டமர் கேக்கறாங்க, நாங்களும் மாட்டிட்டுப் போயிடறோம்.”

“இங்க யாரும் கேக்கலை. ஆரம்பிங்க. ஏங்க, அந்த ஸ்டூலை எங்க கொண்டுபோய் வெச்சீங்க?”

“கட்டிலுக்கு அடியில.”

“ஸ்டூலை யாராவது கட்டிலுக்கு அடியில வெப்பாங்களா?”

அவர் எழுந்து போய் எடுத்து வந்தார்.

மழைச்சாரல் படாத, துணிக்கொடிக்கு எட்டாத இடமாக அவளே பார்த்துக் காட்டினாள். சுவரைத் துளைத்தபோது வீடே அதிர்ந்தது. தூசி சோபா வரைக்கும் வந்தது. அவள் பெருக்க வசதியாக அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அதைத் தவிர வேறு உதவி எதுவும் செய்யவில்லை.

சிலிண்டருக்கு மெக்கானிக் பழைய டியூபையே மாட்டப் போனான். அவள் அதை வாங்கி வளைத்துக் காட்டினாள். வளைந்த இடமெல்லாம் வெடிப்பு வாயைப் பிளந்தது. அவன் பையிலிருந்து புதியதை எடுத்தான்.

டியூப் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பற்றவைக்கவே விட்டாள். சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீலத் தீ வரிசையாக எழுந்தது. பாத்ரூம் குழாயில் வெந்நீர் வந்தது. அவள் விரலை நீட்டிப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள்.

“இப்ப இதை எப்படிப் பாத்துக்கணும்னு அவருக்குச் சொல்லிக்குடுங்க.”

மெக்கானிக் சொன்னான். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பாமல் அவள் திருப்பிக் கேட்டாள்.

“தீ என்ன கலர்ல எரியணும்?”

“நீலம்.”

“மஞ்சளா எரிஞ்சா?”

“உன்னைக் கூப்பிடணும்.”

“என்னை இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடணும்.”

“ஆமா. மெக்கானிக்கை.”

“டியூப்?”

“அப்பப்ப சோப்புத் தண்ணி தடவிப் பாக்கணும். குமிழி வந்தா சிலிண்டரை மூடிடணும்.”

“சர்வீஸ்?”

“வருஷத்துக்கு ஒரு தடவை. அது நல்லா எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும்.”

“நல்லாத்தானே எரியுதுன்னு விட்டுடக் கூடாது. சரியா?”

“சரி.”

மெக்கானிக் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்காரரைப் பார்த்து மனம் விட்டுச் சொன்னான்.

“சும்மா சொல்லக் கூடாது சார், குடுத்து வெச்சவர் நீங்க. என் வீட்டம்மாவுக்கு ஹீட்டரைக் கண்டாலே பயம். இனிமேலாவது அக்கா பேச்சைக் கேட்டு நடந்துக்குங்க.”

அவர் விளக்கப் புத்தகத்தைப் பிரித்து, முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அக்கா, தண்ணி சூடா இருக்கு. முதல் குளியல் உங்களுதுதான்” என்றான் மெக்கானிக்.

“எனக்கு எதுக்கு, தம்பி? இவர் என் பேச்சைக் கேக்கறவரா இருந்தா, போன வருஷம் எங்களுக்கு விவாகரத்தே ஆகியிருக்காது” என்றபடி அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை இவருக்குக் கல்யாணம். கட்டிக்கிட்டு வர்ற பொண்ணு நிம்மதியா குளிக்கட்டும்னுதான் வந்தேன்.”