கூடுதலாக ஒரு வரி

"ஓடுதா, படுத்துடுச்சா?"

கறுப்புத் திரையையே பார்த்துப் பொறுமையிழந்த மேனேஜர், பாதி வேலையில் கணினியை அணைத்துவிட்டார். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அந்தப் புரோகிராமை எழுதியவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இது மூன்றாவது தடவை.

மறுநாள், ஒவ்வொரு விண்ணப்பமும் முடிந்ததும் அதன் எண்ணைத் திரையில் காட்ட ஒரு வரி சேர்த்தாள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி எண் வரை கண்கொட்டாமல் பார்த்தார்.

"பிரமாதம்மா! வேகத்தைக் கூட்டிட்டியே!"

"குறைச்சிருக்கேன் சார். அந்த வரி இல்லாட்டி மூணு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். காட்டிக் காட்டி ஓடினதால நாலு மணி நேரம் ஆச்சு."

அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மாலை அவள் பஸ்ஸில் ஏறியதும் அம்மாவின் போன். "எங்கடி இருக்கே?"

"வந்தா தெரியாதா?" என்று தினமும் எரிந்து விழுபவள், இன்று சொன்னாள்:

"பஸ் ஏறிட்டேன்மா. பாலம் தாண்டினதும் சொல்றேன்."