சொந்த விருப்பத்தின் பேரில்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தை ஒட்டிய கட்டடத்தில் அவளுடைய வக்கீல் பரணியின் அறை. எதிரே மருந்துக் கம்பெனியின் அதிகாரி. குரலில் கடுமையே இல்லை.

"உங்க பொண்ணுக்கு எத்தனை வருஷம் தேவையோ அத்தனை வருஷமும் மாத்திரை வீடு தேடி வரும்மா. நாளைக்கே முதல் டப்பா வந்துடும். நீங்க கேஸை வாபஸ் வாங்கணும். விஷயம் வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான்."

மகள் மதிவதனிக்குப் பதினேழு வயது. ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை அவளை நடமாட வைத்திருந்தது. அதன் காப்புரிமை இந்தக் கம்பெனியிடம். இவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வழியில்லை. அதையே மலிவாகச் செய்துகொண்டிருந்த சின்னக் கம்பெனி ஒன்றுக்கு இவர்கள் தடை வாங்கிவிட்டார்கள்.

அந்தத் தடையை நீக்கச் சொல்லித்தான் அவள் மனுப் போட்டாள்.

வீட்டில் இன்னும் நான்கு மாத்திரைகள் இருந்தன. போன வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கொடுக்கிறாள். மகளுக்குப் புரிந்திருந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

மனுவில் ஒரு பெயர். ஆஸ்பத்திரி வார்டில் இதே மாத்திரையை நம்பி இன்னும் பதினொரு பேர்.

"ஒரு பேரு போதும்க்கா. நீங்க ஜெயிச்சா நாங்க எல்லாரும் ஜெயிச்ச மாதிரிதான்" என்று அன்று சொன்னவள் ரோஸ்லின். அவள் புருஷன் சேவியருக்கும் இதே நோய், இதே மாத்திரை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் துணைக்கு வந்தாள். இன்றைய வாய்தாவுக்கும் வந்து, வெளியே நீதிமன்றப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மத்தவங்களுக்கும் குடுத்துடுங்களேன் சார். பதினோரு பேருதானே."

"இது உங்களுக்கு மட்டும்தாம்மா."

அவள் பரணியைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"கேஸ் முடிய இன்னும் எவ்வளவு நாளாகும் சார்?"

"ஆறு மாசம். ஒரு வருஷமும் ஆகலாம். ஜெயிப்போம்னு உறுதியா சொல்ல மாட்டேன்."

"நான் வாபஸ் வாங்கிட்டா, வேற யாராச்சும் போடலாமா?"

"தாராளமா. ஆனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். சீக்கிரமா ஆரம்பிக்கணும்."

என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று காகிதத்தில் இருந்தது.

பேனா எழுத மறுத்தது. அதிகாரி தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அவள் போட்டாள்.

வராந்தாவில் கால்கள் தாமாக நடந்தன. சொல்லிவிட வேண்டும். ரோஸ்லினிடம் மட்டுமாவது. இன்றைக்கே அவள் வேறு மனுப் போடட்டும். சொன்னது கம்பெனிக்குத் தெரிந்தால் நாளைய டப்பா வராது.

வந்தால்தான் மதிவதனி.

ரோஸ்லின் எழுந்து ஓடி வந்தாள்.

"என்னாச்சுக்கா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"வாய்தா போட்டுட்டாங்க."

ரோஸ்லின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா. உங்க மூஞ்சியப் பாத்ததும் தள்ளுபடியே பண்ணிட்டாங்களோன்னு உசுரே போயிடுச்சு. எப்போக்கா?"

வாயில் வந்த ஒரு தேதியைச் சொன்னாள்.

"அன்னைக்கும் வந்துடுவேன். உங்களத் தனியா விட மாட்டேன்."

ரோஸ்லின் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். காகிதம் அகப்படவில்லை. இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. எத்தனாம் தேதி?"

அவளுக்கு, சற்று முன் தான் என்ன சொன்னோம் என்பது நினைவில் இல்லை.