இழவு வீட்டு ஹார்ன்

பாடையைத் தூக்கி நூறடி கூட நடந்திருக்க மாட்டார்கள். முன்னால் போகிற பேண்டு செட்டில் ஹார்ன்காரர் வாசிப்பதைக் கேட்டுப் பூவரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

து... து... துத்து... து...

ஒவ்வொரு சுரமும் நாக்கால் நறுக்கிப் போட்ட மாதிரி வந்து விழுந்தது. கல்யாண ஊர்வலத்தில் இப்படி வாசித்தால் ஆடத் தோன்றும். இது சாவு.

பாடையில் கிடப்பது அவன் அண்ணன் தர்மன். லாரி டிரைவர். முந்தாநாள் காலையில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன டிரெய்லரில் போய் மோதினான். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் உயிர் இருந்தது. மனைவி அமுதவல்லியிடம், ரிப்பேருக்குக் கொடுத்த பம்புசெட் மோட்டார் எந்தக் கடையில் இருக்கிறது என்று சொன்னான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவ்வளவுதான்.

தர்மனுக்கு இந்த ஹார்ன் என்றால் உயிர். நத்தைக் கூடு மாதிரி சுருண்ட பித்தளை வாத்தியம். பிரெஞ்சு ஹார்ன் என்பார்கள். நல்லம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் ஜமீர் பாயின் செட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது. வாசிக்கிற ஆரோக்கியராஜ் பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வேகமான பாட்டு என்றால் பொட்டுப் பொட்டாக வெட்டி வாசிப்பார். 'ஸ்டக்காட்டோ' என்று அதற்கு ஒரு பெயர் சொல்வார். சோகப் பாட்டு என்றால் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போவார், கேட்கிறவன் நடப்பதை விட்டு நின்றுவிடுவான்.

அதற்காகத்தான் பூவரசன் ஜமீர் பாய்க்கு போன் போட்டு, யார் வராவிட்டாலும் ஹார்ன் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

மற்ற வாத்தியமெல்லாம் ரோட்டைப் பார்த்து ஊதும். ஹார்னின் வாய் மட்டும் பின்பக்கம் பார்த்திருக்கும். அதனால் அந்த வெட்டு வெட்டான சத்தம் நேராகப் பாடையின் மேலேயே வந்து அடித்தது. தோள் கொடுத்திருந்த பூவரசனின் காதிலும்.

கூட வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பதாக நினைத்துக்கொண்டானா என்று ஒருவர் கேட்டார். குடித்திருப்பான் என்றார் இன்னொருவர். பூவரசன் ஒரு ஆளை அனுப்பி ஜமீர் பாயிடம் சொல்லச் சொன்னான். பாய் ஒரு தடவை ஹார்ன்காரரைத் திரும்பிப் பார்த்தார். பழையபடி முன்னால் நடந்தார்.

முச்சந்தியில் பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதற்கு மேல் வர மாட்டார்கள். அமுதவல்லி மண்ணில் விழுந்து அழுதாள். அந்த நேரத்திலும் அதே து... து... து...

பூவரசன் விறுவிறுவென்று போய் ஹார்னைக் கையால் பிடித்து இறக்கினான்.

"எழவுக்கு வந்திருக்கியா, கச்சேரிக்கு வந்திருக்கியா? ஒரு சுரத்தை நீட்டி வாசிக்க வராதா உனக்கு?"

அப்பா வயசு இருக்கும் அவருக்கு. அவரை நீ என்று சொன்னது அவனுக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆரோக்கியராஜ் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க தம்பி. முடியல."

"முடியலன்னா போயிரு. எங்கண்ணன் முன்னாடி நிக்காத."

அவர் ஹார்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரோட்டோரம் ஒதுங்கினார். பாடை தாண்டிப் போகிற வரைக்கும் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

ஹார்ன் இல்லாமலே மற்றவர்கள் வாசித்தார்கள். சுடுகாட்டில் பூவரசன்தான் கொள்ளி வைத்தான்.

எல்லாம் முடிந்து, மொட்டைத் தலையில் ஈரம் சொட்ட அவன் வெளியே வந்தபோது ஜமீர் பாய் டிரம்மை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆரோக்கியராஜ் முன்னமே பஸ் ஏறிப் போய்விட்டாராம். பூவரசனுக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணனின் கடைசி ஊர்வலத்தைக் கெடுத்துவிட்டாரே, இத்தனை வருஷ அனுபவம் எதற்கு என்று பாயிடம் குறைபட்டுக்கொண்டான்.

பாய் டிரம்மை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"மூணு விலா எலும்பு ஒடிஞ்சிருக்குங்க அவருக்கு. சட்டைக்குள்ள கட்டுப் போட்டிருக்காரு. நீட்டி வாசிக்க மூச்சு நெறைய வேணும். இழுத்தா உசுரு போற வலி. கால் மூச்சை வெச்சிக்கிட்டு நாக்காலதான் வெட்டி வெட்டி வாசிக்க முடியும்."

பூவரசனுக்கு முகம் மாறியது. ஆனாலும் விட மனசு வரவில்லை.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமில்லைங்க பாய். அப்பிடிப்பட்ட ஆளை எதுக்குக் கூட்டியாந்தீங்க?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. உங்க வூட்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு."

பாய் வேன் கதவைச் சாத்தினார். அவனைப் பார்க்காமலே சொன்னார்.

"பொழைக்க வெக்க முடியல, வாசிக்கவாவது போறேன்னு வந்தாருங்க. முந்தாநாள் பைக்குல சேலம் போறப்ப, நசுங்குன கேபினுக்குள்ள பூந்து உங்கண்ணனை வெளிய இழுத்ததுல ஒடிஞ்சது, அந்த எலும்பு."