புது வீடு கிடைத்த விதம்

1978. சியோலில் புதிதாகக் கிடைத்த அடுக்குமாடி வீட்டில் அன்று இருந்தவர்கள்: மியோங்ஜா, அவள் கணவன் பியோங்தே, அவர்களுடைய இரண்டு பெண்கள், பேரன் வேண்டுமென்று ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்ட மாமியார்.

அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

“குடிவந்த நாளிலேருந்து குடிக்கிற, ஒண்ணையும் காணோம். வயிறா, ஓட்டைப் பானையா?” என்றாள் மாமியார். “அறுவடைக்குள்ள தங்கலைன்னா என் மகனுக்கு வேற பொண்ணு பார்ப்பேன். பிள்ளைங்களை விட்டுட்டு நீ கிளம்பலாம்.”

பியோங்தே பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அம்மா மனசு நோகாம குடிச்சிடேன்.”

மியோங்ஜா எழுந்தாள். கோப்பையைத் தேடினாள்.

கிம்ச்சி ஊறுகாய் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பிள்ளை மருந்தா? இந்தக் கட்டடத்துலயா? ஆம்பளைங்க கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுக்குத்தானே கவர்மெண்டு நமக்கெல்லாம் மத்தவங்களுக்கு முந்தி வீடு கொடுத்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் வாத்து மாதிரி நடந்தாரே.”

அவள் போனதும் மியோங்ஜா பியோங்தேயின் பக்கம் திரும்பினாள்.

“வீடு வேணுமா வேண்டாமா?” என்றான் பியோங்தே, யாரையும் பார்க்காமல்.

“நான் இதைக் குடிக்கிறதை தினமும் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?” என்றாள் மியோங்ஜா.

அவன் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். மியோங்ஜா வராந்தாக் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.