ஒரு பக்கம் சாய்ந்த படம்

"என்ன சார் இது, இன்னைக்கும் எல்லாத்தையும் வலது பக்கமே கொண்டுபோய் அடைச்சு வச்சிருக்கீய? இந்தப் பக்கம் பாருங்க, ஈ காக்கா இல்ல!"

இசக்கிசெல்வி இப்படிக் கேட்டதும் வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் படத்தைப் பார்த்தார். "நன்னாத்தானே இருக்கு?" என்றார்.

செம்பூரில் ஒரு வாசகசாலை மாடியில், சனிக்கிழமை மத்தியானங்களில், காகிதத் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படம் செய்யும் வகுப்பு அது. சொல்லிக்கொடுக்கும் செல்வி தாராவிப் பெண். ஓவியப் படிப்பு முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவளுடைய அப்பாவைவிடப் பெரியவர்கள். அவர்களில் பிடிவாதக்கார மாணவர் யாரென்றால், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இந்த வைத்தீஸ்வரன்தான்.

மற்றபடி கெட்டிக்காரர். ஒட்டுவதற்கு முன்னால் துண்டுகளைச் சும்மா வைத்து நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றால் பார்ப்பார். ஒரு பக்கம் பெரிய வெளிர் துண்டு இருந்தால், எதிர்ப் பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு போதும், தராசு சமமாகிவிடும் என்றால் தலையாட்டுவார். ஆனால் கையில் பசையை எடுத்தாரோ இல்லையோ, பூக்காரி, வாழையிலைக் கட்டு, லோக்கல் ரயில் எல்லாம் வலது ஓரத்தில் போய் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்.

"மாட்டுங்கா ஸ்டேஷன்தானே சார்?"

"ஆமா. கல்யாணமான புதுசுல, ஆபீஸ் விட்டு வந்து நானும் அம்மிணியும் சந்திக்கற இடமாக்கும். இதோ, பேண்ட் போட்டவன் நான். மஞ்சப் புடவை அவ."

ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையை வெட்டி அந்தப் புடவையைச் செய்திருந்தார். அம்மிணி அழகாகத்தான் இருந்தாள். ரயிலுக்கும் பூக்கூடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாவம், மூச்சுவிட இடமில்லை.

"மாமிய இந்தப் பக்கம் தனியா நிப்பாட்டுங்க. சுத்தி எடம் சும்மா கெடந்தாத்தான் கண்ணு நேரா அவங்ககிட்ட போவும். ஏக்தம், அச்சு அசல் ராணி மாதிரி இருப்பாங்க!"

"வேண்டாம் டீச்சரே. அவ என் பக்கத்துலயே இருக்கட்டும்."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அடுத்த வாரம் கண்காட்சிக்கு மாமி வருவாங்கல்லா? அவங்களே பாத்துச் சொல்லட்டும்."

வைத்தீஸ்வரனின் முகம் வாடிவிட்டது.

"வரேன்னு சொல்லியிருக்கா. மழைக்காலத்துலேர்ந்து அவ வாசப்படி தாண்டறதே அபூர்வம். எங்கே போனாலும் அது இல்லை, இது இல்லைங்கறா. ஆத்துலயும் அப்படித்தான். முழு தோசையைப் போட்டாலும், 'என்ன, பாதியைப் போட்டிருக்கேள்'னு கேக்கறா. இந்தப் படமாவது அவளுக்குப் பிடிக்கணும் செல்வி. இதுலயும் ஏதாவது இல்லைன்னு ஆச்சுன்னா, இனிமே எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டா."

குறை சொல்லுகிற மனைவிக்காக ஒரு மனுஷர் இப்படி உருகுகிறாரே என்று செல்விக்கு மனசு இளகிப் போயிற்று. முழு தோசையையே பாதி என்கிற மாமி, இந்த நெரிசலைப் பார்த்தால் சும்மா விடுவாளா?

கண்காட்சியன்று காலை, யாரும் வருவதற்கு முன்னால், செல்வி அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தாள். வைத்தீஸ்வரன் பசையிலும் சிக்கனம் பார்க்கிறவர். மஞ்சள் புடவை அலுங்காமல் உரிந்து வந்தது. அதை இடது பக்கத்து வெற்றிடத்தில் தனியாக நிற்கவைத்து ஒட்டினாள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் ஒருக்களித்துப் படுத்திருந்த படம் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. மாமியால் இனி ஒரு குறை சொல்ல முடியாது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அம்மிணி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். செல்வி எதிர்பார்த்தது ஒரு சிடுமூஞ்சியை. வந்தவளோ எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் வைத்தீஸ்வரன் திகைத்து நின்றுவிட்டார். எப்படி இருக்கிறது என்று செல்வி கண்ணாலேயே கேட்டாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பூக்காரி இருக்கா. ரயில் இருக்கு. இது நீங்கதானே? அதே தொளதொளா பேண்ட்!" அம்மிணி கலகலவென்று சிரித்தாள். பிறகு படத்தில் எதையோ தேடினாள். "நான் எங்கே? மஞ்சப் புடவையில என்னையும் வெச்சிருக்கேன்னு சொன்னேளே?"

ரயிலுக்கும் பூக்கூடைக்கும் நடுவிலேயே மறுபடி தேடினாள்.

"என்னை மட்டும் விட்டுட்டேளா?" குரல் உடைந்துவிட்டது.

செல்விக்கு ஆத்திரமாக வந்தது. எதிரேயே, அத்தனை வெற்றிடத்துக்கு நடுவில், மஞ்சள் மஞ்சளென்று நிற்கிறாள்! இதையும் இல்லை என்று சொல்ல ஒருத்திக்கு எப்படி மனசு வரும்?

வைத்தீஸ்வரன் மனைவியின் கன்னத்தில் கையை வைத்து, முகத்தை இடது பக்கமாகத் திருப்பினார். போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"அட, இதோ இருக்கேனே!" என்றாள் அம்மிணி. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் செல்வியின் பக்கம் குனிந்தார். குரலில் கோபமே இல்லை.

"உன் மேல தப்பில்லைம்மா, நான்தான் சொல்லாம விட்டுட்டேன். ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்பறம், எதைப் பார்த்தாலும் அவளுக்கு வலது பாதிதான் தெரியறது. அதான் எங்க உலகம் மொத்தத்தையும் அந்தப் பாதிக்குள்ளயே ஒட்டி வெச்சேன்."