பிக்ஸ் வந்தால் எத்தனை ஜெயிப்போம்?

ரிமோட் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. திரையில் ட்ரேவன் பிக்ஸ், பந்தை எறிந்த கை எறிந்தபடியே, உறைந்து நின்றான்.

"இதை வேற யாருக்குடா காட்டினே?" என்றார் தலைமைக் கோச் லாய்ட் கெச்சம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"காலேஜ் ஸ்போர்ட்ஸ் டைரக்டருக்கு மட்டும்தான் கோச். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்லிட்டார்" என்றான் க்ளின்ட் யோடர்.

"என்னைக் கேக்காம அந்த ஆள்கிட்ட ஏன் போனே?"

க்ளின்ட் உதவிக் கோச். குவார்ட்டர்பேக்குகளைத் தயார் செய்வது அவன் வேலை. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிகிற அந்த ஒருத்தன் சொதப்பினால், மற்றப் பத்துப் பேரும் கூடவே சொதப்புவார்கள். போன வருடம் கான்ஸாஸில் இருந்த அவர்கள் கல்லூரி பன்னிரண்டு மேட்சில் இரண்டை ஜெயித்தது. அதில் ஒன்று, எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்த நாளில்.

இன்னொரு வருடம் இப்படிப் போனால் க்ளின்ட்டுக்கு வேலை இருக்காது. ஆறு வருடத்தில் இது அவனுக்கு நாலாவது ஊர். "அடுத்த தடவை நீ மட்டும் கிளம்பு. நானும் பொண்ணும் எங்கயும் வர்றதா இல்ல" என்று மனைவி மேலரி கிறிஸ்துமஸ் அன்றே சொல்லிவிட்டாள்.

அதனால்தான் டெக்ஸஸ் கல்லூரியிலிருந்து பிக்ஸ் விலகியது தெரிந்ததும், மூன்று வாரம் ஃபோனில் தொங்கி அவனைச் சம்மதிக்க வைத்திருந்தான். ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் வேறு கல்லூரிக்குப் போய்விடுவேன் என்று பிக்ஸ் சொல்லியிருந்தான். மணி நாலே கால்.

"பாரு, மூணு தடியனுங்க மேல விழறானுங்க. கண்ணைக்கூடச் சிமிட்டல. அறுபது கஜம் எறிஞ்சு, ஓடறவன் மடியில கொண்டுபோய் வைக்கிறான். என்ன ஜென்மம்டா இது?" கெச்சம் திரையைப் பார்க்கப் பிடிக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நம்ம எமெட் இருக்கான்ல, அவனே போதும்."

"எமெட் போன வருஷம் பத்தொன்பது தடவை எதிராளி கையில பந்தைக் கொடுத்தான் கோச்."

"நல்ல மனசுள்ள பையன்."

கிண்டலா என்று க்ளின்ட் அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு இல்லை.

"இந்த பிக்ஸ்கிட்ட குறையே கிடையாதா? ஏதாவது இருக்கணுமே. மறைக்காமச் சொல்லு."

"மழையில கொஞ்சம் கை வழுக்கும்."

கெச்சம் நாற்காலியில் நிமிர்ந்தார். "எவ்வளவு வழுக்கும்?"

"கொட்டற மழைன்னாத்தான். தூறலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"சீசன்ல இங்க எத்தனை நாள் கொட்டும்?"

"ஒரு நாள், ரெண்டு நாள்."

கெச்சம் கையிலிருந்த பென்சில் ஒடிந்தது.

க்ளின்ட் பயமுறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தான். "தோத்துக்கிட்டே இருந்தா நல்லா இருக்காது கோச். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜ்ல, தலைமைக் கோச் வெல்ச்சைப் போன மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வெல்ச் பேச்சை எடுக்காதே. வயிறு எரியுது. நடுவுல அனுப்பினதுக்காக, கான்ட்ராக்ட்ல பாக்கி இருந்த நாலு வருஷச் சம்பளத்தையும் மொத்தமாக் கொடுத்திருக்கானுங்க. ஒரு மேட்ச் ஒழுங்கா ஜெயிச்சிருப்பானா அவன்? இன்னிக்கு ஃப்ளாரிடாவுல மீன் பிடிச்சிட்டிருக்கான்."

"அவர் உதவிக் கோச்சுங்கள்லாம்?"

"உதவிக் கோச்சுக்கு எவன் கொடுப்பான்? சரி, அதை விடு. இவன் வந்தா எத்தனை ஜெயிப்போம்? எனக்கு ஒரு நம்பர் சொல்லு."

"ஆறு."

கெச்சத்தின் முகம் சிவந்தது. குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று க்ளின்ட் பதறினான்.

"ஏழுன்னே வெச்சுக்கலாம்."

காதும் சிவந்தது.

"தாராளமா எட்டு."

குப்பைக்கூடை உதை வாங்கிக் கதவுவரை உருண்டது. "எட்டாம். கூசாம சொல்றான் பாரு. எட்டாம்."

அத்தோடு க்ளின்ட்டுக்கும் ரத்தம் கொதித்தது. இந்த மனிதருக்காக மகளின் இரண்டு பிறந்தநாளை அவன் ஏதோ ஊர் மோட்டலில் கழித்திருக்கிறான். மேசையில் ஓங்கிக் குத்தினான்.

"பத்து. போதுமா? சத்தியமாச் சொல்றேன், பத்து மேட்ச் ஜெயிப்போம். ஊரே உங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போகும். உங்களுக்குக் கான்ட்ராக்ட்ல இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் உங்க நாற்காலியை ஒருத்தன் அசைக்க முடியாது. இதைவிட வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

கெச்சம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"முட்டாள், பத்து ஜெயிச்சா என்னை எவன்டா டிஸ்மிஸ் பண்ணுவான்?"